குழுக் கடன்: கையெழுத்துப் போடும் முன்

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்து உங்களிடம் கேட்கிறார்: "எங்க குழுவுல ஒரு ஆள் குறையுது. ஆதாரும் ரேஷன் கார்டும் ஜெராக்ஸ் போதும், நாற்பதாயிரம் கையில வந்துரும். சேர்றியா?" நகை கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. சேரலாமா, வேண்டாமா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. இப்படிப்பட்ட கடனில் தையல் இயந்திரமும் கறவை மாடும் வாங்கி நிமிர்ந்தவர்கள் உண்டு. தவணை கட்டத் தாலியை அடகு வைத்தவர்களும் உண்டு. நம் வீட்டில் எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் கையெழுத்துப் போடும் முன்பே கணித்துவிடலாம். அதற்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று பார்ப்போம்.

இப்படிப்பட்ட கடனுக்கு நுண்கடன் என்று பெயர். அப்படியென்றால் என்ன? வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அடமானம் வாங்காமல் கொடுக்கும் கடன். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுக்கும் கடன் நுண்கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஆகவே நீங்கள் வாங்கினாலும் உங்கள் கணவர் வாங்கினாலும் குடும்பக் கணக்கு ஒன்றுதான்.

அடமானம் இல்லாமல் எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? 1976இல் வங்கதேசத்தில், சிட்டகாங் பக்கத்திலுள்ள ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தம் கைப்பணத்தில் 42 பேருக்குக் கடன் கொடுத்தார். அத்தனை பேருக்கும் சேர்த்தே 856 டாக்காதான், அன்றைய மதிப்பில் 27 டாலர். மூங்கிலில் முக்காலி பின்னிக்கொண்டிருந்த பெண்கள், மூங்கில் வாங்கப் பணமில்லாமல் வட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. பணம் திரும்பி வந்தது. அந்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அங்கே அடமானத்தின் இடத்தைப் பிடித்தது குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் தடைப்படும். ஆகவே ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வார்கள்.

ஏன் பெண்களுக்கே கொடுக்கிறார்கள்? வீடும் நிலமும் ஆண்கள் பேரில் இருப்பதால் வங்கிக் கடன் பெண்களுக்கு எட்டாமலே இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பது நல்ல காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் ஊரைவிட்டுப் போய்விட மாட்டார்கள், நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக்கூடாது என்று எப்படியாவது கட்டிவிடுவார்கள். கடன் கொடுப்பவர்களின் கணக்கில் இதுவும் சேர்ந்திருக்கிறது.

இப்போது அக்கா சொன்ன குழுவுக்கு வருவோம். நம் ஊர்களில் குழுக் கடன் என்று இரண்டு விதமான ஏற்பாடுகள் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

முதலாவது, மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் (ஐ.நா. சார்ந்த கடனுதவி அமைப்பு) உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதைத் தொடங்கியது. பிறகு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவியது. 1992இல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. இன்று நீங்கள் பார்க்கும் குழுக் கடனின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் குழுவில் கடனுக்கு முன்னால் சேமிப்பு வருகிறது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை சேர்கிறார்கள். மாதம் நூறோ இருநூறோ போடுகிறார்கள். அந்தப் பணத்திலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ரூபாய் வட்டி என்று வைத்தால்கூட (நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய்) அந்த வட்டி குழுவின் பொதுப் பணத்திலேயே போய்ச் சேருகிறது. நீங்கள் கட்டும் வட்டியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் போட்டு, சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கி, கணக்குப் புத்தகமும் சரியாக எழுதியிருந்தால் வங்கிக் கடனுக்குத் தகுதி வந்துவிடும். ஊரக வாழ்வாதார இயக்கம் என்ற அரசுத் திட்டத்தின் விதிப்படி, முதல் தடவையே குழுவின் பொதுப் பணத்தைப் போல ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கலாம். 3 லட்சம் வரை வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். 10 லட்சம் வரை குழுவிடம் வங்கி அடமானம் கேட்கக் கூடாது. இதைவிட மலிவான கடன், நகையும் நிலமும் இல்லாத ஒரு பெண்ணுக்குச் சந்தையில் கிடைப்பது அரிது.

இரண்டாவது, நிதி நிறுவனங்கள் நடத்தும் குழு. இதைக் கூட்டுப் பொறுப்புக் குழு (ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்கும் குழு) என்பார்கள். இங்கே சேமிப்பு கிடையாது. ஐந்து முதல் பத்துப் பேரைக் கூட்டி, சில நாட்களில் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ யாராவது ஒருவர் வீட்டு வாசலில் சென்டர் மீட்டிங் நடக்கும். கலெக்‌ஷனுக்கு ஆள் வருவார். வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. பல நிறுவனங்களில் ஆண்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல்.

அப்படியானால் இரண்டாவது வகை மோசமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் தண்டல்காரரைவிட எவ்வளவோ மேல். காலையில் காய்கறி வண்டி தள்ளுபவர் தண்டலில் பத்தாயிரம் வாங்கினால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 77 சதவீத வட்டி அது. மீட்டர் வட்டி, கந்துவட்டியெல்லாம் இதற்கும் மேலே. ஆகவே தண்டலை அடைக்க நிறுவனக் கடன் வாங்குவது லாபமே. ஆனால் சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன் கிடைக்கும் இடத்தில், இரண்டு நாளில் வருகிறது என்பதற்காக நிறுவனக் கடனை வாங்குவது நஷ்டம்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "இந்தக் குழுவில் மாதாமாதம் சேமிப்பு உண்டா? வட்டி யாருக்குப் போகிறது?" என்று அக்காவிடம் கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

வட்டிக் கணக்கில்தான் நம்மில் பலரும் ஏமாறுகிறோம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நாற்பதாயிரம் ரூபாய், இரண்டு வருடம், "வட்டி 12 சதவீதம்தான்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 4,800, இரண்டு வருடத்துக்கு 9,600. மொத்தம் 49,600 ரூபாயை 24 மாதமாகப் பிரித்தால் மாதம் சுமார் 2,067 ரூபாய். இதில் என்ன தவறு? பத்து மாதம் கட்டியபின் உங்களிடம் நாற்பதாயிரம் இல்லை. அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் முழு நாற்பதாயிரத்துக்கும் வட்டி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இது நிலை வட்டி (அசல் குறைந்தாலும் குறையாத வட்டி). மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறைக்குக் குறையும் வட்டி என்று பெயர். அந்த முறையில் பார்த்தால் நீங்கள் உண்மையில் கட்டுவது ஆண்டுக்கு 12 சதவீதம் அல்ல, சுமார் 21.6 சதவீதம்.

இன்னும் இருக்கிறது. செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 39,000 கொடுத்தால், அதே கடனின் வட்டி 24 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

இதையெல்லாம் நான் எப்படிக் கணக்குப் போடுவேன் என்று நீங்கள் தயங்க வேண்டாம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை ஒரு விவரத் தாளில் எழுதி, கடன் கொடுக்கும் முன்பே உங்களிடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் இல்லாத கட்டணத்தைப் பிறகு வாங்கக் கூடாது. கடன் அட்டையும் (கடன் விவரமும் கட்டிய தவணைகளும் எழுதிய அட்டை) உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. "அதெல்லாம் அப்புறம் வரும், முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றால் அன்றைக்குப் போடாதீர்கள்.

காப்பீடு கட்டாயமா? உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தலையில் கட்டக் கூடாது. ஆனால் கடன் வாங்கியவர் இறந்தால் மீதியை அடைக்கும் காப்பீடு என்றால் குடும்பத்துக்கு நல்லதுதான். கணவர் உயிருக்கும் சேர்த்தா, எவ்வளவு தொகை என்று கேட்டு, சான்றிதழை வாங்கிக் கடன் அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். காகிதம் கையில் இல்லாமல் பின்னால் யாரிடமும் கேட்க முடியாது.

சரி, எவ்வளவு வாங்கலாம்? குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மாதம் இருபதாயிரம் வருகிறது என்றால் நகைக் கடன், வண்டிக் கடன் எல்லாம் சேர்த்து பத்தாயிரம். இது கொடுப்பவர்களுக்கு வகுத்த உச்சவரம்பு. வாங்குகிற நமக்கு அது மிக அதிகம் என்றே நினைக்கிறேன். பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு மீதிப் பத்தாயிரத்தில் வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து என்று எப்படி ஓட்டுவது? மழைக்காலத்தில் செங்கல் சூளை நின்றுவிடும்; ஆர்டர் இல்லாத மாதம் பனியன் கம்பெனியில் வேலை குறையும். தவணைக்கு மழையும் தெரியாது, ஆர்டரும் தெரியாது. வருமானம் மிகக் குறைந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதத்திலும் சோற்றைக் குறைக்காமல் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதுதான் உங்கள் அளவு.

எதற்கு வாங்கலாம்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கு வாங்கினால் பயன் அதிகம். இதற்கு ஆதாரம் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஹைதராபாத்தில் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதியில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. மற்ற பாதியோடு ஒப்பிட்டபோது, முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் அதைப் பெருக்கியிருந்தார்கள். ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவிலோ, பிள்ளைகளின் படிப்பிலோ, வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. எத்தியோப்பியா, மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, போஸ்னியா நாடுகளில் நடந்த ஆய்வுகளோடு சேர்த்து இது 2015இல் வெளியானது. ஆறும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: நுண்கடனால் ஓரளவு நன்மை உண்டு, ஆனால் வறுமை அதனால் மட்டும் ஒழிவதில்லை.

அப்படியென்றால் இத்தனை வருடமாகப் 'பெண்கள் முன்னேற்றம்' என்று பேசியது வீணா? வீண் இல்லை. ஆனால் முன்னேற்றம் கடனிலிருந்து தானாக வரவில்லை. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து பேசியது, கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது, கிராமசபையில் குடிநீருக்காகக் கேள்வி கேட்டது, ஊராட்சித் தேர்தலில் நின்றது, இதெல்லாம் மாதா மாதம் கூடி உட்கார்ந்ததால் வந்தவை. ரேஷன் கடை நடத்தும் குழுக்கள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்களும் சுய உதவிக் குழுப் பெண்களே. மாதம் தவறாமல் கூலி வரும் வேலை, பல வீடுகளில் ஒரு லட்ச ரூபாய்க் கடனைவிடப் பெரிய உதவி. கலெக்‌ஷன் முடிந்ததும் கலைந்துவிடும் கூட்டத்தில் இப்படி எதுவும் நடக்க வாய்ப்பில்லை.

அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமானது. பணம் யார் கைக்குப் போகிறது? வங்கதேசத்தில் அன் மேரி கோட்ஸ், ரினா சென் குப்தா இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் பேரில் வாங்கிய கடன்களில் ஏறத்தாழ 37 சதவீதத்தில்தான் அந்தப் பணம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. மற்றவற்றில் முழுதாகவோ பகுதியாகவோ வீட்டு ஆண்கள் கையில். நம் ஊர் நிலைமை எப்படியென்று உங்களுக்கே தெரியும். கணவர் தொழிலுக்குக் கொடுப்பது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து உங்களுடையது. மீட்டிங்கில் உட்கார்ந்து பதில் சொல்லப்போவதும் நீங்கள். ஆகவே தவணைப் பணம் எந்தத் தேதியில், எந்த வருமானத்திலிருந்து உங்கள் கைக்கு வரும் என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். அந்தப் பேச்சுக்கே வீட்டில் இடமில்லை என்றால் அந்தக் கடனை உங்கள் பேரில் வாங்காதீர்கள்.

இதைவிட ஆபத்தானது, அடுத்தவருக்காகப் பேர் கொடுப்பது. "உன் பேர்ல எடுத்துக் கொடு, தவணைய நான் கட்டிடறேன்" என்பார்கள். நெருங்கிய உறவாகக்கூட இருக்கலாம். அவர் கட்டாவிட்டால் நிறுவனம் உங்களைத்தான் கேட்கும். சிபில் பதிவில் (யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார் என்ற குறிப்பு) கறை விழுவதும் உங்கள் பேரில்தான். நாளை மகளின் கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். இதற்கு மட்டும் முகம் பார்க்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று ரொட்டேஷனில் இறங்குவதும் அப்படித்தான். 2010இல் ஆந்திராவில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே குடும்பத்துக்குப் பல கடன்களைத் தள்ளின. வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகப் புகார்கள் எழுந்தன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர, கடன் வசூலே ஸ்தம்பித்தது. போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்களிடம் நுண்நிதி நிறுவனங்கள் இதே வேகத்தில் போய்ச் சேர்ந்தன. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த ஒரு லட்சம் இலங்கை ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் இலங்கை அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு இடத்திலும் கடன் கொடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பெருக்கினார்களே தவிர, அந்த வீட்டில் வருமானம் என்ன என்று பார்க்கவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இந்த மாதம் கட்ட முடியவில்லை, என்ன செய்வது? முதலில் பயத்தை விடுங்கள். கடன் கட்ட முடியாமல் போவது சிறைக்குப் போகும் குற்றம் அல்ல. வசூலுக்கு வருபவருக்கு உங்கள் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்ல அதிகாரம் கிடையாது. ஆனால் காசோலை கொடுத்திருந்து அது பணமின்றித் திரும்பினால் அது தனி வழக்காகிவிடும். அதனால்தான் வெற்றுக் காசோலையிலோ வெற்றுத் தாளிலோ எந்தக் காலத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஏடிஎம் கார்டையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

வசூலிக்க வருபவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது. பேசி முடிவுசெய்த பொது இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். திட்டுவது, மிரட்டுவது, உறவினரையோ உடன் வேலை பார்ப்பவரையோ தொந்தரவு செய்வது, பேரை ஊரறியப் போடுவது எல்லாமே ரிசர்வ் வங்கி தடைசெய்தவை. தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் ஒரு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

தவணை தவறுவதற்கு முன்பே கிளை அலுவலகத்துக்குப் போய்க் காரணத்தைச் சொல்லி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் அந்தப் பாரம் குழுவிலுள்ள மற்ற பெண்கள் தலையில் விழும். அவர்களும் நம்மைப் போன்றவர்களே.

முறைகேடு நடந்தால் யாரிடம் சொல்வது? கடன் அட்டையிலேயே புகார் அதிகாரியின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். முதலில் அங்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை. மிரட்டல், அவமானம் என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

சுய உதவிக் குழுவில் சேர விரும்பினால், ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பில் விசாரியுங்கள். அல்லது ஒன்றிய அலுவலகத்திலோ, ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேட்கலாம். இருக்கும் குழுவில் இடம் இல்லையென்றால் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து புதிதாகவே தொடங்கலாம். ஊக்குநராக (குழுவை வழிநடத்துபவர்) யாரைத் தேர்ந்தெடுத்தாலும், கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே வைத்துவிடுங்கள். நோட்டுப் புத்தகம் ஒருவர் வீட்டிலேயே பூட்டிக் கிடந்த குழுக்களில்தான் பெரும்பாலும் சண்டை வந்து பணம் போயிருக்கிறது.